பிரபுவுக்குப் போட்ட மாலை

தம்பியை வில்லாவுட் தடுப்பு முகாமில வைச்சிருந்த காலம் அது. வள்ளத்தில அகதியா வந்தவன். வெளியில விடுவாங்களோ, திருப்பி அனுப்புவாங்களோ, ஒருத்தருக்கும் தெரியாது. அந்த நேரம் பாத்து எங்கட தமிழ்ச் சங்கத் தலைவர் அங்கிள் போன் எடுத்தார். சங்கத்தின்ர ஆண்டு விழாவுக்கு எம்.பி. வாறாராம். பதினெட்டாம் நூற்றாண்டில இருந்த ஒரு இங்கிலாந்துப் பிரபுவின்ர பட்டப்பேரைத்தானே இந்த நகரத்துக்கு வைச்சிருக்கு, அவரைப் பற்றி நான் பேச வேணுமாம்.

"தம்பியின்ர கதையையும் சொல்லட்டே, அங்கிள்?"

"ஐயோ பிள்ளை, நல்ல நாளில அழுகைக் கதை வேண்டாம். பிரபுவோட நிப்பாட்டுங்கோ."

கொதி வந்தது. அடக்கிக்கொண்டு ஓம் எண்டனான். எம்.பி.யோட ரெண்டு கதை கதைக்கக் கிடைச்சால் காணும் எண்ட ஆசைதான்.

வாசிக்க வாசிக்க அந்த மனிசனில எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பெரிய குடும்பத்துப் பிள்ளை. இளந்தாரி வயசிலேயே பாராளுமன்றக் கதிரை. அரண்மனையில உத்தியோகம், திறைசேரியில உத்தியோகம், படைக்குச் சம்பளம் குடுக்கிற உத்தியோகம், பிறகு யுத்த அலுவல், அதுக்குப் பிறகு உள்துறை. அந்தக் கதிரையில இருந்துதான் கைதியளைக் கப்பலேத்தி இஞ்ச அனுப்ப ஒழுங்கு செய்தவர். தான் ஒருநாளும் இந்த மண்ணை மிதிக்கேல்லை. இஞ்ச ஏற்கெனவே குடியிருந்த சனத்தை ஒரு வார்த்தை கேக்கவும் இல்லை. கடைசியில அரசர் பட்டத்தையும் கூட்டி, காட்டையும் மானையும் பாக்கிற ஒரு சொகுசுப் பதவியையும் குடுத்தார். மனிசன் நல்லா வாழ்ந்திட்டுப் போட்டார்.

எங்கட ஆக்களுக்கு ஒரு படத்தைக் கண்டால் கை சும்மா இராது. விழா அண்டு, செவன் ஹில்ஸ் மண்டப வாசலில, தலைவர் பிரபுவின்ர படத்தைக் கதிரையில வைச்சு, மாலை போட்டு, முன்னால குத்துவிளக்கும் கொளுத்தி வைச்சிருந்தார். டோப்பாவுக்குக் கீழ நெத்தியில சந்தனப் பொட்டு வேற!

எம்.பி. வந்தார். மாலையையும் விளக்கையும் கண்டவுடன முகத்தைத் தொங்கப் போட்டார். எங்கட வீட்டுச் சாவெண்டு நினைச்சிட்டார். படத்தை வடிவாப் பாத்தால்தானே! பக்கத்தில நிண்ட என்ர கையைப் பிடிச்சு, உங்கட இழப்புக்கு வருந்துறன் எண்டு இங்கிலீசில சொன்னார்.

"அந்தாள் செத்து இருநூறு வருசத்துக்கு மேல," எண்டன். "என்ர தம்பி உயிரோடதான் இருக்கிறான். கிட்டத்தான், வில்லாவுட்டில. அவனுக்கு வருந்துங்கோவன்."

தலைவர் என்ர காலை மிதிச்சார். எம்.பி. கையை மெல்ல உருவிக்கொண்டு, அலுவலகத்துக்கு ஈமெயில் போடச் சொன்னார். பிறகு பிரபுவைப் பற்றின என்ர பேச்சுக்கு நல்லாக் கை தட்டி, ரெண்டு ரோல்சும் சாப்பிட்டுப் போனார். ஈமெயில் போட்டனான். கவனத்தில எடுத்திருக்கினமாம். கவனமும் மண்ணாங்கட்டியும்!

அடுத்த ஞாயிறு தம்பியைப் பாக்கப் போய் எல்லாத்தையும் கொட்டித் தீத்தன். சிரிப்பான் எண்டு பாத்தால் சிரிக்கேல்லை.

"அக்கா, அந்தாள் அனுப்பின கைதியளுக்கு எவ்வளவு காலமெண்டு சொல்லித்தானே அனுப்பினவை?"

"ஓம். ஏழு வருசம், பதினாலு வருசம், சிலருக்கு ஆயுள்."

"குடுத்து வைச்ச சனம்," எண்டான். "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே."