பிந்திப் பிறந்த பிறை

"நோன்பு பத்து. அசறுத் தொழுகைக்குப் பின் சந்தை வீதியில் பெரியநீலாவணை மீனவரைக் கண்டேன்." 1978இல் என் நாட்குறிப்பில் நான் எழுதிய இந்த வரி அவருக்குத் தூக்குத்தண்டனை வாங்கிக் கொடுத்தது. அது அந்த வீதிக் கடைக்காரர் ஒருவர் கொலையான நாள் என்று, அச்சுக் கலண்டரைப் பார்த்துக் கணக்கிட்டு, நீதிமன்றத்தில் சாட்சி சொன்னேன்.

தீர்ப்புக்குப் பிறகுதான் முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். கலண்டரில் உள்ளதைவிட ஒரு நாள் பிந்தியே எங்கள் ஊரில் ரமழான் பிறை தெரிந்து நோன்பு தொடங்கியது என்று நானே எழுதியிருந்தேன். ஆகவே நான் அவரைக் கண்டது கொலைக்கு மறுநாள்.

மீனவருக்கான கருணை மனுவுடன், பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர்கள் முன் கையெழுத்துக் கேட்டு நின்றேன். "ஒரு சாட்சியின் பிழை" என்று மட்டும் அதில் எழுதியிருந்தேன். கொலையானவரின் தம்பி அதை வாங்கி வாசித்தார்.

"எந்தச் சாட்சி மாஸ்டர்?"

தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

"சாட்சிக் கூட்டுல ஏறி நாள், நேரமெல்லாம் ஒப்பிச்சீங்களே, இப்ப நாக்கு எங்க? எங்கட காக்காவ வெட்டினவன் வெளிய திரியிறான். ஒங்கட பேர எழுதுங்க."

பின்னால் சிலர் சிரித்தார்கள். மதிலில் தாளை வைத்து என் பெயரை எழுதினேன். அதன்கீழ் முதல் கையெழுத்து அவருடையது.

"இனி எங்கட கடைப் பக்கம் வராதீங்க," என்றார்.

தண்டனை ஆயுளாகக் குறைந்தது; அந்நாட்களில் எல்லாத் தூக்குத்தண்டனைகளும் அப்படித்தான் குறைந்தன. மீனவர் சிறையிலிருந்து வீடு திரும்பவேயில்லை. அவர்கள் சிரித்திராவிட்டால் என் பெயரை எழுதியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்த மனுவைக் கொழும்பில் யாராவது வாசித்தார்களா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.