ஆற்று லயமும் அடுத்தவர் பெயர்களும்

ஆற்று லயத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று என்னைக் கேட்டால், கேட்பது யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். கூப்பன் அரிசி கொடுப்பவர் கேட்டால் ஒரு தொகை. மூக்கைப் பொத்திக்கொண்டு லயம் பார்க்க வரும் துரை கேட்டால் அதில் பாதி. உண்மையான தொகை ஆற்றுக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் அங்கேதான் குளித்தார்கள்.

நோர்வூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலை மலையைச் சுற்றி இரண்டு மைல் நடந்தால் ஆறு வரும். அதை ஒட்டி முதுகோடு முதுகாக இருபத்து நான்கு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை; அந்த வரிசைதான் எங்கள் லயம். தோட்டத்தில் நல்ல மண்ணெல்லாம் தேயிலைக்கு. தேயிலையே வேண்டாமென்று சொன்ன சதுப்பு எங்களுக்கு. அடைமழைக் காலத்தில் ஆறு சொல்லாமல் கொள்ளாமல் அடுப்படிவரை வந்துவிட்டுப் போகும்.

எங்களுக்கும் ஒரு வரலாறு வேண்டும் என்பது அரசாங்கம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்றார்கள். வேண்டுமென்றால் மனுப் போடு, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாய் என்று நிரூபி என்றார்கள். நான் அப்போது பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஐந்தாம் வகுப்பு படித்தவள். அந்த லயத்தில் அதுவே பெரிய படிப்பு என்பதால், எல்லோருடைய மனுவையும் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

எழுத உட்கார்ந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. எங்கள் லயத்து ஆண்களில் பாதிப் பேர் வேறு யாரோ! கடல் கடந்து ஊரிலிருந்து முதலில் வந்தவன் பெயர் தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் ஏறும். அவன் ஊருக்குத் திரும்பிப் போனால், அவன் இடத்துக்குத் தம்பியோ மச்சானோ வந்து சேருவான். பெயரை மாற்றச் சொல்லிப் போனால் பெரிய கிளாக்கர் எரிந்து விழுவார் என்று கங்காணிக்குப் பயம். "பேரெல்லாம் மாத்த ஏலாது. நீயே அவனா இருந்துக்க" என்று சொல்லி, தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கையில் கொடுத்துவிடுவார். மூன்றாம் காம்பராக்காரர் தன் தாய்மாமனாக இருந்தார். தலையில் ஒரு நரை இல்லை. கடுதாசியில் அறுபது வயது.

என் அப்பா தன் அண்ணனாக இருந்தார். பெரியப்பா மூன்று வருடம் கவ்வாத்து வெட்டிவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திருச்சிப் பக்கம் போனவர், திரும்பவே இல்லை. மகராசன், போகும்போது பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அப்பா இருபத்தைந்து வருடமாக அந்தப் பெயருக்கு வேலை செய்துகொண்டிருந்தார். என் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர்கூடப் பெரியப்பாவுடையதுதான்.

மனு எழுதும்போது அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "என் பேர்ல எழுதக் கூடாதாம்மா?"

"உங்க பேர்ல ஒரு துண்டுக் கடுதாசியாவது இருக்காப்பா?" என்று நான் எரிந்து விழுந்தேன். பெரியப்பா பெயரிலேயே மனு போனது.

சில வருடங்கள் கழித்து, ஹட்டனுக்கு விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அம்மாவும் வர வேண்டுமாம். ஒரு வாரம் அவளுக்கு ஒத்திகை நடத்தினேன்.

"ஆபிசர் கேட்டா அப்பா பேரைச் சொல்லும்மா."

"கட்டுனவரு பேரை வாயால சொல்லச் சொல்றியே, ஒனக்கு புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

"அது அப்பா பேரே இல்லியேம்மா. பெரியப்பா பேருதானே?"

"அது அதை விட மோசம்டி!"

புருஷனின் அண்ணன் மூத்தார். அவர் பெயரையும் சொல்லக் கூடாது, அவர் எதிரில் நிற்கவும் கூடாது. அந்த மனிதரை அம்மா ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் மரியாதை மரியாதைதான். கடைசியில், அவர்களே பெயரைச் சொல்லிக் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவதாக ஒத்துக்கொண்டாள்.

விசாரணையில் அப்பா அண்ணனாக நன்றாகவே நடித்தார். கிட்டத்தட்ட முப்பது வருடப் பழக்கம் அல்லவா! பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்கள். புருஷன் பெயர் என்னவென்று கேட்டதும் அவள் தரையைப் பார்த்தாள். ஆபிசர் நல்ல மனிதர், எங்கள் பெண்களின் வழக்கம் தெரிந்தவர். மொழிபெயர்ப்பாளரையே வாசிக்கச் சொன்னார். அவர் பெரியப்பாவின் பெயரை உரக்க வாசித்துவிட்டு, "இவர்தானே உங்க புருஷன்?" என்று கேட்டார்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஐயையோ! அவரு எம் மூத்தாருங்க. பெரிய மனுசரு கேக்குற கேள்வியாங்க இது?"

மொழிபெயர்ப்பாளர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். ஆபிசர் சிரிக்கவில்லை. நிதானமாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். மூன்றாம் காம்பராக்காரரின் மனைவி போன வாரம்தான் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

"தலையை ஆட்டத்தானேம்மா சொன்னேன்!"

"வேற ஒரு ஆம்பளை பேரைச் சொல்லி ஒம் புருஷனான்னு கேட்டா, நீ ஆட்டுவியா?"

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபமா, உள்ளுக்குள் சந்தோஷமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மனு நிராகரிக்கப்பட்டதாகப் பெரியப்பா பெயருக்குக் கடிதம் வந்தது. மூன்றாம் காம்பராக்காரர் தாய்மாமனாகவே இந்த நாட்டுப் பிரஜை ஆகிவிட்டார். நான் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அப்பா கத்தி தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

"அண்ணனுக்குத்தானே இல்லேன்னிருக்காங்க? நான் இன்னும் கேக்கவே இல்லியே. இப்ப என் பேர்ல எழுதும்மா."

மனுப் போடும் தவணை முடிந்து எத்தனையோ வருடமாகியிருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாளை எடுத்து மடியில் வைத்தேன். அப்பா தன் பெயரைச் சத்தமாகச் சொன்னார். என் தகப்பன் பெயரை நான் எழுதியது அன்றுதான் முதல் தடவை. சரியாக எழுதியிருக்கிறேனா என்று அவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.