சவுக்கு நிழலில் கொச்சி

இன்று அட்டன் சந்தையில் கொச்சிக்காயின், அந்த மிளகாயின் நெடி மூக்கில் ஏறியதும், எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் சட்டைப்பை நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது. ஐம்பதுகளின் நடுவில், நான் நாலாம் வகுப்புப் படித்த ஆண்டு, தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயத்துக்குப் பின்னால் தேயிலைத் தோட்டம் நிழலுக்கு வைத்திருந்த சவுக்கு மரத்தடியில் அம்மா நட்ட நாலு கொச்சிச் செடிகளும் நெஞ்சளவு வளர்ந்து, வெற்றிலை போல இலை விரித்து, பூத்த பூவையெல்லாம் உதிர்த்துக்கொண்டே நின்றன. "கொச்சி போட்டியா, கீரை போட்டியா?" என்று பக்கத்து அறையான காம்பராவில் இருந்த சித்தி கேலி செய்ய, அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை மரமேறி ஒரே ஒரு கொப்பை வெட்டினாள். வெயில் விழுந்த ஒரு மாதத்தில் செடி முழுக்கக் காய்.

அந்தக் காய்தான் காட்டிக்கொடுத்தது. லயத்துப் பக்கம் வந்த கணக்கப்பிள்ளை காயைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்.

"தோட்டத்துத் தொரையோட மரத்துல கைய வைக்க ஒனக்கு யாரு சொன்னா?"

"தேயிலைக்கு வெயில் வேணும்னு வருசா வருசம் நீங்களே கொப்பு வெட்டச் சொல்றீங்க ஐயா. எங்க சட்டிக்கு வேணாங்களா?"

அவர் செடிகளை வேரோடு பிடுங்கி வீசினார். அதற்கு முன், ஒவ்வொரு காயாக நிதானமாகப் பறித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.