குறி போடாத வாசல்

எங்கள் சந்தில் பெயிண்டர் என்றால் அவர் ஒருவர்தான். தரையில் நிற்கும்போது பேச்சு அதிகம் கிடையாது. ஏணியில் ஏறிவிட்டால் கேலி தாராளமாக வரும். "கீழ நின்னு வேடிக்கை பார்க்காதீங்க, மூஞ்சிக்கும் ஒரு கோட் விழும்" என்பார். யார் வீட்டுக் கதவு மழையில் உப்பினாலும் கூப்பிடாமலே வந்து இழைத்துக் கொடுப்பார். அவர் சொன்னால் சந்து கேட்கும்.

அவர் மனைவியின் அண்ணன் நகராட்சியில் மேற்பார்வையாளர். சபையில் வேதபாடம் வாசிப்பவரும் அவரே, கணீர்க் குரல். சந்தின் கடைசி வீடு அவருடையது. சாலையை அகலமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதிலிருந்து நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஞாயிறு அவர் வாசித்தது பஸ்காவின் கதை. எகிப்தில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசிய வாசல்களைச் சாவு தாண்டிப் போன கதை. ஆராதனை முடிந்ததும் படியிலேயே பெயிண்டரின் தோளில் கை போட்டார்.

"கேட்டியா மாப்ளே? குறி இருந்த வீட்டை அழிவு தொடல. எங்க ஆபீஸ்லயும் அதே கதைதான். சிவப்புக் குறி போட்டா, அந்த வீட்டை விட்டுடுவாங்க. ஆபீஸ் ஆளுங்க வந்து போட்டா ஜனங்க சண்டைக்கு வருவாங்க. நீயே போட்டுடு."

"நிஜமாவா மச்சான்?"

"உங்கிட்டப் பொய் சொல்லுவேனா?"

பெயிண்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் முதல் குறியைத் தன் வீட்டில்தான் போட்டார். ஆபீஸ் கேட்டது கதவோரம் ஒரே ஒரு கோடு. அவரோ பழைய மரத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இரண்டு நிலைக்கால்களிலும் மேல் சட்டத்திலும் பூசினார், வேதத்தில் உள்ளபடியே.

"ஆட்டை எங்கப்பா கட்டியிருக்கே? எனக்கும் ஒரு பங்கு எடுத்து வை" என்றார் கடைக்காரர்.

தையல்கார அக்காதான் மறித்தார். "நல்லா இருக்கிற கதவை எதுக்குத் தம்பி கெடுக்கிற? எனக்கு வேணாம்."

"முதல்ல என் வீட்டுக்குத்தான் போட்டேன்க்கா. என்னை நம்புங்க."

அக்கா வாசலில் கிடந்த தையல் மெஷினை உள்ளே இழுத்துக்கொண்டார். "நீ சொல்றதால விடுறேன்."

கடைசி வீட்டு வாசலில் மச்சானே நின்றார். "இதை நான் பார்த்துக்கிறேன். களைச்சுப் போயிருப்ப, போய்க் குளி." பெயிண்டர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் புல்டோசர் வந்தது. கூட வந்த அதிகாரி கைகளைத் தட்டிக் கூப்பிட்டார். "சிவப்புக் குறி இருக்கிற வீடெல்லாம் காலி பண்ணுங்க. மதியம் வரைக்கும்தான் டைம்."

பெயிண்டர் சிரித்தார். "சார், மாத்திச் சொல்றீங்க."

"மாத்தியெல்லாம் சொல்லல. மூணு பக்கமும் எவ்வளவு பளிச்சுனு போட்டிருக்கு! சந்தேகப்பட வழியே இல்லையே."

பெயிண்டர் தின்னரும் கந்தலுமாக ஒவ்வொரு கதவாக ஓடினார். மரத்தில் ஊறிய சிவப்பு கைக்கு வந்ததே தவிர நிலையை விட்டுப் போகவில்லை. தையல்கார அக்கா மெஷினைத் தனியாகத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தார். இவர் கை கொடுக்கப் போனார்.

"நீ தொடாதே" என்றார் அக்கா.

சாயங்காலம் கடைசி வீடு மட்டும் நின்றது. அதன் நிலையில் ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.

"தெரியாமத்தானே மச்சான் சொன்னீங்க?" பெயிண்டர் கேட்ட விதத்தில், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்ற கெஞ்சல் இருந்தது.

"தெரிஞ்சா நீ போட்டிருப்பியா? இல்ல, ஜனங்கதான் விட்டிருப்பாங்களா? மேல இடத்து உத்தரவுப்பா. மாடி ரூம் சும்மாதான் கிடக்கு, தங்கச்சியைக் கூட்டிட்டு வந்துடு."

எகிப்தில் அன்று அவரவர் வாசலை அவரவரே பூசினார்கள். அடுத்தவன் கதவுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ கதவுகளில் குறி விழுந்திருக்கிறது. அதிகாரம் இன்னொருவர் கையால் போட்ட குறி எந்த வீட்டையும் காத்ததாக நான் படித்ததில்லை. அந்தக் கை பெரும்பாலும் தெரிந்தவருடைய கை. அதனால்தான் கதவு திறந்தது.

மறுநாள் பெரிய வியாழன், கடைசி இராவுணவின் நினைவு நாள். சபையில் திருவிருந்து. போதகர் ஜெபித்து முடித்ததும் அப்பத் தட்டை வரிசை வரிசையாகக் கொண்டு வந்தவர் மச்சான். பெயிண்டரின் நகக்கண்களில் இன்னும் சிவப்பு. தட்டு முன்னால் நீண்டபோது அவர் எடுக்கவில்லை.

"முதல்ல நீங்க எடுங்க மச்சான்."

மெதுவாகத்தான் சொன்னார். பின் வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. மச்சான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, தட்டை மறுபடி நீட்டினார்.

சுவிசேஷத்தில் காட்டிக்கொடுத்தவன் அப்பத் துண்டை வாங்கியதும் எழுந்து வெளியே போனான். எங்கள் சபையில் மச்சான் அடுத்த வரிசைக்குப் போனார். எழுந்து வெளியே போனது பெயிண்டர். சற்றுப் பொறுத்து, அண்ணன் பக்கம் திரும்பாமல், அவர் மனைவியும்.