பச்சைப் புட்டி வளையல்

சப்பான்காரன் காலத்தில் மலாயாவில், பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் சின்னக் கிராணி; கணக்கும் ஆள் பட்டியலும் எழுதுகிற வேலை. வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடும்போது பங்களாவுக்குப் பின்னால் விட்டுப்போனது ஒரு குன்று காலிப் புட்டிகள். பேரரசு எங்களுக்கென்று சேர்த்து வைத்தது அவ்வளவுதான்.

அந்தக் குன்றுக்கு ஒருத்தி உரிமை கோரினாள். ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரி. ஊரில் அவள் அப்பாவுக்கு வளையல் சூளை இருந்ததாம். மூடிக்கிடந்த தோட்டப் பட்டறையின் கரியடுப்பும் துருத்தியும் வேண்டுமென்று என்னிடம் வந்தாள். அனுமதி தரும் அதிகாரி கப்பலேறிவிட்டதால் நானே தந்தேன்.

புட்டியை நொறுக்கி உருக்குவாள். இரும்புக் கம்பியில் ஒரு சொட்டை எடுத்து, துளையிட்டு, களிமண் கூம்பில் மாட்டிச் சுழற்றுவாள். சொட்டு அகன்று வளையமாகும். பிறகு வெந்த சாம்பலுக்குள் ஒரு பகல் முழுக்கக் கிடக்கும். அவசரப்பட்டு எடுத்தால் கையில் ஏறும்போதே விரிசல் விடும். பீர்ப் புட்டியில் தேன் நிறம், மருந்துப் புட்டியில் நீலம். பச்சைதான் அழகு; உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் நிற்கும். இந்தியாவிலிருந்து வளையல் வருவது நின்றுபோயிருந்த அந்த நாளில், தொழிலாளர் லயத்துப் பெண்கள் எல்லாரும் துரையின் சாராயப் புட்டியைத்தான் கையில் அணிந்திருந்தார்கள்.

அவள் புருஷனைச் சப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மூன்று மாதம் என்றார்கள். ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. போகவேண்டியவர்களின் பட்டியலை எழுதியது நான். தோட்டத்திலேயே நல்ல கையெழுத்து என்னுடையது.

என் மனைவிக்கு ஏழாம் மாத வளைகாப்பு வந்தது. வளையல் செய்தவளே முதல் வளையலைப் போடவேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டாள். ஆட்களை மேற்பார்க்கும் மண்டோரின் மனைவி ஒப்பவில்லை.

"புருஷன் இருக்கானா இல்லையான்னே தெரியாதவ. வயித்துப் புள்ளக்காரி கையில மொதல் வளையல அவ போடறதா?"

"நான் செஞ்ச வளையல் ஆகும், என் கை ஆகாதாக்கும்?" என்றாள் அவள். "அப்ப உன் கையில கெடக்கறதயும் கழட்டிக் குடு அக்கா."

"வாயப் பாரு இவளுக்கு!"

மூலையிலிருந்து ஒரு கிழவி, "ஏன்டி அடிச்சுக்கறீங்க? செக்ரோல் எழுதறவரு வாசல்லதான நிக்கறாரு, அவரக் கேளுங்களேன்" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வளையல் செய்தவள் மட்டும் தட்டிலிருந்த வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செக்ரோல் என்பது தோட்டத்து ஆள் பேரேடு; எனக்கு அதன் முறை தெரியும். செத்தவன் பெயரை நீக்கச் சான்றிதழ் வேண்டும். ஓடிப்போனவன் பெயரை நீக்க மேலாளர் கையொப்பம் வேண்டும். சயாம் போனவன் இரண்டிலும் சேரமாட்டான். அங்கிருந்து யாரும் சான்றிதழ் அனுப்பியதில்லை, அனுப்பப்போவதும் இல்லை. இதையெல்லாம் சொல்லாமல், "பேரை அடிக்கல. செக்ரோல்ல ஆள் இருக்கார்" என்றேன்.

மண்டோர் மனைவி முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்கினாள். வளையல் செய்தவள் என் மனைவியின் விரல்களைக் குவித்து, பச்சை வளையலை மெதுவாக ஏற்றினாள். என் மனைவிதான் அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் பெரட்டு. மரவள்ளி நட ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் நேரம். வளையல்காரி பெண்கள் வரிசையை விட்டு என் மேசைக்கு வந்தாள்.

"செக்ரோல்ல இருக்காருன்னு சொன்னீங்களே ஐயா. அப்ப ஏன் கூப்பிட மாட்டேங்கறீங்க?"

"அவர் இங்க இல்லையேம்மா."

"கூப்பிட்டுப் பாக்காமலே இல்லன்னு எழுதுவீங்களா?"

அவள் சொன்னதுதான் முறை. கூப்பிட்டேன். ஆண்கள் வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவன் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் விட்டு, அடுத்த பெயரைப் படித்தேன்.

அதன் பிறகு தினமும் கூப்பிட்டேன். சப்பான்காரன் போய், புதுத் துரை வந்து, திரும்பாதவர்களின் பெயரை அடித்துவிடச் சொல்லும்வரை கூப்பிட்டேன். பதில் வராவிட்டால் கிராணி தலை நிமிராமல் அடுத்த பெயருக்குப் போகவேண்டும். நானோ நிமிர்ந்து, பெடாஸ் சாலையிலிருந்து வரும் மண்பாதையைப் பார்ப்பேன். அவள் பாதையைப் பார்க்கமாட்டாள். அதைப் பார்க்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.