குழாய்க்காரருக்காகச் சூடாக்கிய வீடு

எங்கள் குடியிருப்பில் பழைய வெப்பக் குழாய்களையெல்லாம் கழற்றிப் புதிதாகப் போட்டார்கள். மூன்று வாரம் வீடு முழுக்கத் தூசி. வேலை முடிந்து அவர்கள் போனபின், ஓஸ்லோவின் ஜனவரிக் குளிரில், கடைசி அறை ரேடியேட்டர் மட்டும் சூடாகவேயில்லை.

வேறு அறையென்றால் பொறுத்திருப்பேன். அது மகளுக்கு ஒதுக்கிய அறை. அவளுக்குத் தலைப்பிரசவம். மருத்துவமனையிலிருந்து நேரே எங்களிடம் வந்து, பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாளும் தாயின் கையால் பத்தியம் சாப்பிடுவதென்று ஏற்பாடு. “அறை சூடானால் வாறன் அப்பா,” என்றாள். பிள்ளை பெறப்போகிறவள் கேட்டதில் என்ன பிழை?

சாவிபோன்ற சின்னத் திறப்பு ஒன்றை வாங்கி, ரேடியேட்டருக்குள் காற்று அடைத்திருக்கிறதா என்று நானே திறந்து பார்த்தேன். காற்று வரவில்லை. கறுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து புதுக் கம்பளத்தை நாசமாக்கியது. பிறகுதான் குழாய்க்காரருக்குப் போன் அடித்தேன்.

அவர் வந்த அன்று நான் வேலையில். பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லையென்று சொல்லிப் போய்விட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி அடித்து, பத்து நாள் காத்திருந்து, அடுத்தமுறை லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றேன்.

அன்று விடியவே மனைவி அந்த அறையில் மின்சார ஹீற்றரைப் போட்டுவிட்டாள். “வீட்டுக்கு வாற மனிசன் குளிரில நடுங்கிக்கொண்டே வேலை செய்யிறது?” என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒன்று போதாதென்று பக்கத்து வீட்டில் இன்னொன்றை இரவல் வாங்கி வந்த புத்திசாலி நான்தான். அழைப்புமணி அடித்ததும் இரண்டையும் அலுமாரிக்குள் தள்ளினோம். ஆள் வரும்போது வீடு ஒழுங்காக இருக்க வேண்டாமா?

மனைவி அவரை முதலில் இருத்தித் தேநீரும் ரோல்ஸும் கொடுத்தாள். நாலு ரோல்ஸ் சாப்பிட்டார். பிறகு அறைக்குள் போய், கருவியொன்றால் வெப்பத்தை அளந்து என்னிடம் நீட்டினார். இருபத்திரண்டு பாகை.

“அறை சூடாக இருக்கிறது. அதனால் தெர்மோஸ்டாட் ரேடியேட்டரை நிறுத்தி வைத்திருக்கிறது. அது அதன் வேலையைத்தான் செய்கிறது,” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலுமாரியைத் திறந்து ஹீற்றர்களைக் காட்டினேன். வெட்கத்தில் காது சுட்டது. “போனமுறையும் இப்படித்தானா?” என்று கேட்டார். மனைவி ஆமென்று தலையை ஆட்டினாள். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எங்களுக்கு ஒதுக்கிய நேரம் ரோல்ஸோடு முடிந்துவிட்டது. அறை குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும் என்று இன்னொரு நாள் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நாளுக்கு முன்பே பேத்தி பிறந்துவிட்டாள். மகள் ஸ்ட்ரோம்மனில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போனாள். “இஞ்சை நல்ல சூடு அப்பா, யோசிக்காதேங்கோ,” என்றாள். யோசிக்காமல் எப்படி இருப்பது? மனைவி பத்தியக் கறியைப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு ரயிலேறினாள். சம்பந்தி வீட்டில் விருந்தாளிபோலக் கதிரை நுனியில் இருந்துவிட்டுத் திரும்பினாள். வந்து பாத்திரம் கழுவினாள்.

மூன்றாம்முறை நான் ஹீற்றர் மட்டுமல்ல, அடுப்புக்கூட மூட்ட விடவில்லை. குழாய்க்காரர் ஜாக்கெட்டைக் கழற்றாமல் குனிந்தார். ரேடியேட்டரின் அடியில் இருந்த வால்வை, வேலைக்காக மூடியவர்கள் திறக்க மறந்துவிட்டார்களாம். பத்து நிமிட வேலை. அவர் கிளம்பியதும், “ஒரு தேத்தண்ணிகூடக் குடுக்காமல் அனுப்பிப்போட்டியள்,” என்று மனைவி என்மேல் பாய்ந்தாள்.

முப்பத்தொரு நாள் கழித்து மகள் பிள்ளையோடு வந்தாள். ஒரு பின்னேரத்துக்கு மட்டும். அவள் வருகிறாளென்று காலையிலிருந்தே ரேடியேட்டரை உச்சத்தில் வைத்திருந்தேன். கட்டிலில் புது விரிப்பு. பேத்தியை அதில் கிடத்தியதும் சிணுங்கத் தொடங்கினாள். மகள் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“பிள்ளைக்கு வேர்க்குது அப்பா. யன்னலைத் திறந்துவிடுங்கோ.”

திறந்துவிட்டேன்.