ஆறாவது மாடியில் தொங்கிய கால்கள்

லிஃப்ட் மெக்கானிக்காக முப்பது வருடம் ஓட்டினேன். இந்த வேலையில் அவசரப்படக் கூடாது. நான் ஒரு நாள் அவசரப்பட்டேன். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

தாம்பரத்தில் ஒரு சர்வீஸை முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கேளம்பாக்கம் பக்கம் பதினான்கு மாடி அபார்ட்மென்ட். லிஃப்ட் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஓர் ஆள். வண்டலூரிலேயே டிராஃபிக்கில் மாட்டினேன். மாடி மேல் மாடியாகக் கட்டிவிடுகிறார்கள், அங்கே போய்ச் சேரத்தான் வழியில்லை. செக்யூரிட்டி பாபு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டார்.

"இன்னா சார், எங்க கீறீங்க? உள்ள கதவப் போட்டு இடிச்சிகினே கீறான்."

"மாம்பாக்கம் தாண்டிட்டேன்பா. கதவத் தொட வேணாம்னு சொல்லு."

"சொன்னேன் சார். தமிழ் தெரில. பெயின்ட் அடிக்க வந்த பெங்காலி."

லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே இருப்பவருக்கு ஆபத்து குறைவு. பயந்துபோய்க் கதவைப் பிளந்துகொண்டு குதித்தால்தான் உயிர் போகும்.

போனதும் வழக்கம்போலப் பக்கத்து லிஃப்டில் ஏறி, மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஓடினேன். மெயினை ஆஃப் செய்து, பிரேக்கைத் தளர்த்தி, கைச்சக்கரத்தைச் சுற்றினால் நின்ற லிஃப்ட் நகரும். பிரேக் லீவரில் கை வைத்துவிட்டேன். மறுபடி பாபுவின் போன், ஆறாவது மாடியிலிருந்து.

"சார், சுத்தாதீங்க. அவன் காலு வெளில கீது."

லீவரிலிருந்து கையை எடுத்தேன். ஒரு சுற்று சுற்றியிருந்தால் அந்த மனிதர் பிறகு நடந்திருக்க மாட்டார்.

ஆறாவது மாடிக்கு இறங்கி ஓடினேன். அவருக்கு நாற்பது வயது இருக்கும். எப்படியோ லிஃப்டின் கதவு, மாடியின் கதவு இரண்டையும் தள்ளித் திறந்துவிட்டார். லிஃப்டின் தரை என் மார்பு உயரத்தில் நின்றது. விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்தார். அவர் காலுக்குக் கீழே, லிஃப்டுக்கு அடியில், தரைவரைக்கும் வெறும் இருட்டுக் குழி. குதித்துப் பின்பக்கம் சறுக்கினால் ஆறு மாடி ஆழம்.

"இருங்க, குதிக்காதீங்க" என்று இரண்டு கைகளையும் தூக்கினேன். அவர் முகம் மலர்ந்தது. பிடித்துக்கொள்ளத்தான் கை நீட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். முன்னால் நகர்ந்தார். சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். என்னவோபோல் பார்த்தார், ஆனால் நகர்வதை நிறுத்தினார்.

"பாபு, உங்க அசோசியேஷன் குரூப்ல போடுப்பா. பெங்காலி தெரிஞ்சவங்க உடனே ஆறாவது மாடிக்கு வரணும்."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. லிஃப்டுக்கு நேர் எதிர் வீட்டுக் கதவே திறந்தது. கையில் போனோடு ஒரு பெண் வந்தார். ஏதோ சொன்னார். அவர் மொழியில் முதல் வார்த்தையைக் கேட்டதுமே பெயின்டர் அழ ஆரம்பித்துவிட்டார். பிறகு காலை உள்ளே இழுத்து, கதவையும் சாத்திக்கொண்டார். நான் மேலே போய்ச் சக்கரத்தைச் சுற்றி, லிஃப்டை ஆறாவது மாடிக்கே இறக்கினேன்.

திரும்பி வந்தபோது இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் வாடியிருந்தது.

"சத்தம் கேட்டுது சார். ஏதோ வேலை நடக்குதுன்னு நினைச்சேன். இவர் ஒரு வாரமா என் வீட்டு வாசல்லதான் பெயின்ட் அடிச்சார். எங்க பக்கத்து ஊர்க்காரராம். எனக்குத் தெரியாது."

அந்தப் பெண்ணிடமே கேட்டு என் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டேன்: 'தொர்ஜா குல்பென் நா.' கதவைத் திறக்காதீர்கள் என்று அர்த்தம். முதலில் உள்ளே இருப்பவரிடம் பேசு, அவருக்குப் புரியும் மொழியில் பேசு, பதில் வந்த பிறகு பிரேக்கைத் தொடு. நான் கற்றுக்கொண்டது இதுதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த எதிர்க் கதவே மனதை உறுத்தியது. தாம்பரத்தில் என் எதிர் ஃபிளாட்டில் ஆந்திராக்காரர் ஒருவர் நான்கு வருடமாக இருக்கிறார். நான் லிஃப்ட் மெக்கானிக் என்று அவருக்குத் தெரியும்; அவர் பெயர்கூட நான் கேட்டதில்லை. அன்று மாலை முதன்முறையாக அவர் கதவைத் தட்டினேன். பாதி திறந்து, பயத்தோடு பார்த்தார்.

"என்ன சார், லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

"இல்ல சார். தெலுங்குல எனக்கு ஒரு வரி வேணும். அப்படியே உங்க பேரும்."